கூவிளங்காய்

கார்த்திகை 20, சனி

ருக்குமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஈரோட்டில் டாக்டர் சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. வலது கை எழவில்லை, வலது கால் இழுக்கிறது. காதில் விழுவதெல்லாம் புரிகிறது. சொல்லத்தான் வரவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது: "அடச்சீ." காப்பி வேண்டுமா என்றால் அடச்சீ. தலையணையைச் சரிசெய்தால் அடச்சீ. வேலைக்கு வரும் பாப்பாத்தி முதல் நாள் அழுதேவிட்டாள். வேறு எந்தச் சொல்லைத் தேடிப் போனாலும் கையில் இதுதான் அகப்படும், அவர் வேண்டுமென்று சொல்வதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். சில சமயம் நம்ப முடியவில்லை.

மாலையில் செம்பியன் கோயமுத்தூரிலிருந்து போனில் பேசினான். ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அவள் நாற்காலியில் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அப்பா, இங்க ஒரு எடம் பாத்திருக்கறமுங்ப்பா. நர்ஸ் எந்நேரமும் இருப்பாங்க. நீங்க இந்த வயசுல ஒத்தைல எப்படிப் பாப்பீங்க? அம்மாவுக்கும் ஒண்ணும் புரியறதில்ல. எங்க இருந்தா என்னங்ப்பா?"

"சரிப்பா" என்றேன்.

பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மார்கழி வருதேப்பா, மார்கழில இடம் மாறக் கூடாதே" என்றேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவனுக்கும் கிடையாது. அவன் சிரித்துவிட்டு, "சரிங்ப்பா, தை பொறந்து மொத ஞாயித்துக்கெழம காரெடுத்துட்டு வரேன், அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

பஞ்சாங்கத்தைக் காட்டி ஒரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். புரியறதில்லை என்று உனக்கு யாரடா சொன்னது? உன் தாய் என்ன, வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய பீரோவா, எங்கே இருந்தால் என்ன என்று கேட்க? உன் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் ஓடிய கால் அது. அது இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன்.

எழுதிவிட்டேன். சொல்லவில்லை.

போனை வைத்ததும் ருக்குமணி "அடச்சீ" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

கார்த்திகை 22, திங்கள்

பக்கத்து வீட்டுத் தங்கமுத்து மறுபடியும் தன் டெம்போவை நம் கேட்டை ஒட்டி நிறுத்தியிருக்கிறான். ஆள் ஒருக்களித்துப் போகலாம். சக்கர நாற்காலி போகாது. அவளைத் தெருமுனை வரை வெயிலில் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இப்படி நிறுத்தினால் ருக்குமணி வாசலில் நின்று, "ஏனுங்க தங்கமுத்து, எங்கூட்டுக்காரரு மதிலேறிக் குதிச்சா பால் வாங்கப் போவாரு?" என்பாள். வண்டி உடனே நகரும். நான் உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பேன். பால்காரர், மின்வாரியம், கல்யாணப் பேச்சு எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரே வாக்கியம்தான்: "நீங்க சும்மாருங்க, நான் பேசிக்கறேன்." முப்பது வருடம் அரசுக் கல்லூரியில் யாப்பிலக்கணம் நடத்தியவன் வகுப்பறைக்கு வெளியே வாயைத் திறந்ததாக நினைவில்லை.

இன்று கேட் வரை போனேன். தங்கமுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்கய்யா, அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். "பரவால்லீங்க" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

கோபத்தில் எழுத்து கோணுகிறது. அவன்மேல் கோபம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை 24, புதன்

பேச்சுப் பயிற்சி தரும் பெண் இன்று முதல்முறையாக வந்தாள். ரெஹானா. புதனும் சனியும் வருவாள். கட்டிலோரம் அமர்ந்து ருக்குமணியின் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பேசற பக்கம் அடிபட்டிருக்கு. பாடற பக்கம் நல்லாருக்கு. அதனால நாம குறுக்கு வழில போறோம். கையத் தட்டிக்கிட்டே ராகம் மாதிரி இழுத்துச் சொல்லணும். மொதல்ல உங்க பேரு. ருக்... கு... ம... ணி."

ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. நான்கு.

"மூணு" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னங்க சார்?"

"ஒண்ணுமில்லீங்க."

ஆனால் மூன்றுதான். சொல்லை அசையாகப் பிரிக்கும்போது தனியே நிற்கும் எழுத்து நேரசை. இரண்டு குறில் சேர்ந்து வந்தால் அது நிரையசை. இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். ருக், நேர். கும, நிரை. ணி, நேர். நேர் நிரை நேர் என்றால் அதன் வாய்பாடு கூவிளங்காய். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளிடம் "உன் பேரு கூவிளங்காய் தெரியுமா" என்றேன். ஏதோ கசப்புக் காய் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

பேசாத அந்த வாரம் என்ன பெரிய வாரம்! இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

போகும்போது ரெஹானா சொன்னாள்: "தெனம் காலைலயும் சாயங்காலமும் நீங்க பழக்கிவிடணும் சார். பேரு வரட்டும். அப்புறம் சின்னதா ஒரு வாக்கியம். அம்மாவுக்கு இப்ப எது அவசரமோ அது."

கார்த்திகை 25, வியாழன்

வாக்கியம் கிடைத்துவிட்டது. காலை முழுக்க யோசித்தேன். 'நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்' நீளம். 'இங்கேயே இருக்கிறேன்' அவளுக்கு நாக்குச் சுழலாது. கடைசியில்:

நான் வரல.

நான், நேர். வர, நிரை. ல, நேர். கூவிளங்காய்! அவள் பெயரும் இந்த வாக்கியமும் ஒரே அளவு. பெயர் வந்துவிட்டால் வாக்கியமும் அதே தடத்தில் வந்துவிடும். தை பிறந்து செம்பியன் வந்து நிற்கும்போது இந்த ஒன்றைச் சொன்னால் போதும். அம்மா சொன்னால் அவன் தட்டமாட்டான். அவள் பேச்சுக்கு மறுபேச்சு இந்த வீட்டில் என்றும் கிடையாது.

மூன்று தட்டாகவே பழக்கப்போகிறேன். வாயும் காதும் ஆயிரம் ஆண்டாக ஒப்புக்கொண்ட அளவு இது. ரெஹானா நேற்றுப் பட்டம் வாங்கியவள். அவளிடம் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்திகை 28, ஞாயிறு

"நான்" தட்டினேன். அடச்சீ என்றாள். "ருக்" தட்டினேன். அடச்சீ. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. அந்தச் சொல்லையும் அலகிட்டுப் பார்த்தேன். அடச், நிரை, சீ, நேர், புளிமா. இதையெல்லாம் செய்வதற்கு ஒரு மனிதனுக்கு வெட்கம் வேண்டும். அவளை அதட்டிவிட்டேன். "வாயக் கொஞ்சம் தொறந்துதான் பாரேன்!" என்றேன். பாப்பாத்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கய்யா, உங்களுக்குச் சத்தம்கூட வருமுங்களா?"

மார்கழி 1, செவ்வாய்

"ருக்" வந்தது. "நான்" வந்தது. அதற்குமேல் கல்.

மார்கழி 5, சனி

இன்று அவமானப்பட்டேன்.

போன இரண்டு முறையும் வர முடியாத ரெஹானா இன்று வந்து அவள் கையைப் பிடித்து "ருக்" என்று தட்டினாள். ருக்குமணி "ருக்" என்றாள். ரெஹானாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அடுத்து "கு" என்று தட்டினாள். ருக்குமணி கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அடுத்த தட்டில் இரண்டு எழுத்து வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வரவில்லை. கை அந்தரத்தில் நின்றது. வாய் கோணியது. பிறகு மேசையைக் கையால் ஓங்கி அடித்து அடச்சீ, அடச்சீ, அடச்சீ என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர்.

"யாரு சார் இவங்கள மூணாத் தட்டச் சொன்னது?"

நான் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"யாப்புப்படி... குறில் ரெண்டு இணைஞ்சு வந்தா ஒரு அசைங்க..."

"சார். யாப்பு பாட்டுக்கு. இது வாய்க்கு." கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினாள், அது தெரிந்தது. "ஒரு தட்டுக்கு ஒரு தடவ வாய் தொறக்கணும். அதுக்கு மேல இப்ப அவங்களால முடியாது. ரெண்டு பேரும் ரெண்டு கணக்குச் சொன்னா அவங்க யாரு பின்னால போவாங்க? பத்து நாளு வீணாப் போச்சுங்க சார்."

அவள் போன பிறகு ஒரு பக்கம் முழுக்க அவளைத் திட்டி எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எழுத்து மட்டும்தான் நன்றாக இருந்தது.

மார்கழி 6, ஞாயிறு

சவரக் கண்ணாடியின் முன் நின்று "வர" என்று சொல்லிப் பார்த்தேன். வாய் இருமுறை திறக்கிறது. மறுபடியும் சொன்னேன். இருமுறைதான். எழுபத்து மூன்று வயது வரை என் வாயை நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் உறைத்தது. கட்டளைக் கலித்துறைப் பாட்டில் என்ன செய்கிறோம்? அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணுகிறோம். புள்ளி வைத்த எழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணுகிறோம். ருக்குமணி: ரு, கு, ம, ணி. நான்கு. அந்தப் பெண்ணின் நான்கு. இதை நானே வருடந்தோறும் கரும்பலகையில் எழுதி எண்ணிக் காட்டியிருக்கிறேன். என் பாடத்துக்குள்ளேயே அவள் கணக்கும் இருந்திருக்கிறது. அளப்பதற்கு ஓர் அளவு, உச்சரிப்பதற்கு ஓர் அளவு. தெரிந்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் ருக்குமணியின் வாயைப் பார்க்கவில்லை. வாய்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது சரியான விளக்கம்தானா என்றும் தெரியவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு வழியாகவும் இருக்கலாம்.

மார்கழி 9, புதன்

ரெஹானா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன். "நீங்க சொல்றது கட்டளைக் கலித்துறைக் கணக்குங்க. அதுவும் சரிதானுங்க."

"என்னவோ சார். நாலு தட்டுங்க, போதும்" என்றாள். ஆனால் சிரித்தாள்.

நாலு தட்டியதில் ஒரு மணி நேரத்துக்குள் "ருக்... கு..." வந்தது. அப்புறம் நீண்ட இடைவெளி. அப்புறம் "ம." ணி வரவில்லை. பரவாயில்லை. ருக்குமணி வியர்த்துப்போய்ச் சாய்ந்துகொண்டாள். பாடுபட்டு நிலம் உழுதவள் மாதிரி இருந்தாள்.

வாக்கியத்தைக் காட்டினேன். ரெஹானா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் வரல. எங்க வரல?"

செம்பியன் விஷயத்தைச் சொன்னேன்.

"சரி. இது அம்மா கேட்ட வாக்கியமா, நீங்க எழுதினதா?"

"அவளுக்காகத்தானுங்க."

"அவங்களக் கேட்டீங்களா சார்? தலையாட்டத் தெரியுமே அவங்களுக்கு."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எடுத்தெறிந்து பேசுகிறார்கள். நாற்பத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவனிடம் போய் மனைவியைக் கேட்டாயா என்று கேட்கிறாள். அவள் மனம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை.

மார்கழி 14, திங்கள்

டெம்போ. கேட்டை ஒட்டி. இந்த முறை பின்பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டு.

ருக்குமணி சால்வை போர்த்திக்கொண்டு சக்கர நாற்காலியில் தயாராக இருந்தாள். பாப்பாத்தி தலை சீவிப் பூ வைத்துவிட்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய்ச் சொல் என்பது போல முகவாயை அசைத்தாள்.

போனேன். தங்கமுத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடியது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். 'தம்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, அம்மாவை வெளியே கூட்டிட்டுப் போகணும்.' நன்றாகத்தான் இருந்தது. குறையே இல்லை. ஒரு வேளை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? ஒரு வேளை, உங்க எடமா இது என்று கேட்டுவிட்டால்?

திரும்பி வந்து, "ஆளு இல்ல ருக்கு, நாளைக்குப் போலாம்" என்றேன்.

டிவிச் சத்தம் எங்கள் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் இருந்த டம்ளரை இடது கையால் எடுத்து எறிந்தாள். என் தோளில் பட்டுச் சுவரில் மோதி நெளிந்துவிட்டது. அப்புறம் அடச்சீ என்றாள். டாக்டர் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த அடச்சீ தேடிப் போன இடத்தில் கிடைக்காமல் அகப்பட்ட சொல் அல்ல. அவள் தேடிய சொல்லே அதுதான்.

எனக்கும் கோபம் வந்தது. இத்தனை செய்கிறேனே, குளிப்பாட்ட உதவுகிறேன், ஊட்டுகிறேன், நாளெல்லாம் தட்டுகிறேன், என்மேல் டம்ளர் எறிகிறாளே என்று. மாலை வரை அவளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை என்று எழுத வந்தேன்.

மார்கழி 20, ஞாயிறு

செம்பியன் போன். "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுங்ப்பா. அம்மா துணிமணி எடுத்து வெச்சிருங்க." "சரிப்பா" என்றேன். சரிப், நிரை, பா, நேர். இதுவும் புளிமாதான். அவளுக்கு மிஞ்சியது அடச்சீ. எனக்கு இது.

மார்கழி 26, சனி

வந்துவிட்டது!

ரெஹானா கையைப் பிடிக்கவே இல்லை. ருக்குமணி தானே இடது கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டாள். "நான்... வ... ர... ல." தாழ்ந்த குரல், கரகரப்பு, ஆனால் அவளுடைய குரல். மூன்று முறை சொன்னாள். ரெஹானா கைதட்டினாள். பாப்பாத்தி ஓடிவந்து, "வரலீன்னா போங்கம்மா, யாரு உங்களக் கூப்புட்டா!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

நான் திக்குமுக்காடிப்போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தை பொறந்து செம்பியன் வரப்ப இதச் சொல்லிரு ருக்கு. இதே மாதிரி சொல்லிரு. அது போதும்" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். முகம் கல்லானது. அதற்குப் பிறகு இன்று முழுக்கத் தட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை. களைப்பாக இருக்கும்.

தை 1, வியாழன்

வாசலில் பாப்பாத்திதான் பொங்கல் வைத்தாள். டெம்போ நின்றதால் வாசலில் பாதிதான் மிச்சம், அதற்குள் கோலமும் அடுப்பும். பால் பொங்கி வழிந்ததும் தங்கமுத்து வீட்டில் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்!" என்று குரல் கொடுத்தார்கள். பின்னாலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் ருக்குமணி. தட்டாமல், திக்காமல், பழைய குரலில், முழுசாக. சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். பாட்டும் கூப்பாடும் மூளையின் வேறு பக்கத்தில் இருக்கும் என்று ரெஹானா சொல்லியிருந்தாள். இருந்தாலும் எனக்கு அடுப்புப் புகை கண்ணை மறைத்துவிட்டது.

தை 3, சனி

துணிப்பையில் அவள் புடவைகளை அடுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு அடுக்குகிறேன்? நாளைக்கு அவள்தான் வரல என்று சொல்லப்போகிறாளே? இருந்தாலும் அடுக்கினேன். அவன் அடுக்கச் சொன்னான்.

நான்காவது புடவையில் கை நின்றுவிட்டது. ரெஹானா கேட்டது இத்தனை நாளாக முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ருக்கு. உனக்கு இங்க இருக்கணுமா, அங்க போகணுமா?"

அவள் இடது கையால் தன் நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டாள். இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்ற அடி அது. தரையைச் சுட்டினாள். இங்கே. மறுபடி சுட்டினாள், விரல் மேசையில் படாமல் நேராகத் தரையைப் பார்த்து.

"அப்ப நாளைக்குச் சொல்லிருவியல்ல?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்? வருதே உனக்கு?"

விரலைத் தூக்கி என் மார்பைக் குத்தினாள். வலித்தது.

புரியவில்லை. புடவைகளை மறுபடி பையில் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

தை 4, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் பேனா ஓடமாட்டேனென்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செம்பியன் பதினோரு மணிக்கு வந்தான். டெம்போ காரணமாகக் காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வந்தான். அம்மாவின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, "அம்மா, போலாமுங்களா?" என்று கேட்டான். கெட்ட பிள்ளை இல்லை அவன். இளைத்திருக்கிறான்.

நான் அவள் கையில் மெல்லத் தட்டினேன். "சொல்லு ருக்கு."

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லு. நான்..."

"விடுங்ப்பா. ஏன் அவங்களப் பாடுபடுத்தறீங்க?" என்றான். "அவங்களுக்கு ஒண்ணும் புரியலீங்ப்பா. பாத்தாத் தெரியுது." எழுந்து துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

அப்போது ருக்குமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியின் கைப்பிடிமேல் வைத்தாள். என் புறங்கையில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. தன் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி தட்டினாள். இன்னும் பலமாக. நான்கு. எலும்பில் பட்டது. ரெஹானா அவள் கையை எடுத்து எப்படித் தட்டுவாளோ அப்படி. பேச வராதவர்களுக்குத் தட்டுவது போல.

பேச வராதவன் நான்.

"அடச்சீ!" என்றாள், மறுபடி தட்டிக்கொண்டே. செம்பியன் வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நான்" என்றேன். ஒரு தட்டு.

"வி."

"ட."

"ல."

"என்னங்ப்பா?"

"நான் விடல!" இரண்டாவது முறை கத்திவிட்டேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. "நான் விடலடா! பைய எறக்கு! புரியலியா? அவளுக்கா புரியல? நீ போன்ல பேசினது பூரா பக்கத்துல உக்காந்து அவ கேட்டுட்டிருந்தா. எங்க இருந்தா என்னன்னியே, அதையும் கேட்டா! நான் பாத்துக்குவேன். பாக்க முடியலீன்னா ஆள் வெச்சுக்குவேன். அதுவும் முடியலீன்னா உன்னக் கூப்புடுவேன், நீ வந்து பாரு. ஆனா இவள எங்கயும் விடல!"

அதற்கப்புறமும் பேசினேன். அதில் சீரும் இல்லை, தளையும் இல்லை. கார்த்திகையிலிருந்து இந்தத் தாள்களில் எழுதி வைத்ததெல்லாம் வந்தது, எழுதாததும் வந்தது. பாப்பாத்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

செம்பியனின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப போன்ல சரிப்பா சரிப்பான்னு சொன்னது யாருங்ப்பா? ரெண்டு மாசமா நான் அலையறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வேண்டாம்னு சொல்லிருக்கலாமில்ல?"

"சொல்லிருக்கலாம்" என்றேன்.

அவன் பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினான். "அம்மா, நீங்களும் இதத்தான் சொல்றீங்களா?"

அவள் என் கையை விட்டாள். தன் தொடையில் தானே தட்டிக்கொண்டாள், அவசரமே இல்லாமல்.

"நான்... வ... ர... ல."

செம்பியன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை. பாப்பாத்தி எல்லோருக்கும் இலை போட்டாள். அவன் சாப்பிட்டுவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், அம்மா காலைத் தொட்டுவிட்டுப் போனான். கோபம்தான். இருக்கட்டும். அவனுக்கும் அவன் கோபத்துக்கு உரிமை உண்டு.

என் புறங்கை இப்போதும் சிவந்திருக்கிறது.

தை 5, திங்கள்

காலையில் போய்த் தங்கமுத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வரிசைப்படுத்திக்கொள்ளவில்லை. "வண்டிய எடுங்க. எங்கம்மிணிய வெளிய கூட்டிட்டுப் போகோணும். இனி இங்க நிறுத்தாதீங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

"ஐயோ, இதச் சொல்றதுக்கு ஏனுங்கய்யா இத்தன நாளு? நேத்து நீங்க போட்ட சத்தத்துலயே எடுத்திருக்கோணும் நானு" என்று சாவியைத் தேடி ஓடினான்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். தெருவில் வெயில். பால் பூத்துக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு நேற்றைய வேகம் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது. சாக்கடைப் பாலத்தருகே சக்கரம் குழியில் இறங்கி, அவள் உடம்பு குலுங்கிவிட்டது.

"மெதுவா!" என்று அதட்டினாள்.

தட்டவில்லை. தேடவில்லை. அடச்சீ இல்லை. புத்தம்புதிய சொல்.

வாய்பாடு பார்க்கத் தோன்றவில்லை. மெதுவாகத் தள்ளினேன்.